‘நாம்’ போய் ‘நாங்கள்’ வரும் நாற்காலிகள்: இயந்திர மொழிபெயர்ப்பின் தவறுகளைக் காட்டும் ஊடாடும் கலைப்படைப்பை அமைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

இரண்டு நாற்காலிகள், நடுவே ஒரு தடுப்பு, ஒரு மடிக்கணினி, கடைகளில் ரசீது அடிக்கும் சிறிய தெர்மல் பிரிண்டர் ஒன்று. இந்தக் கலைப்படைப்புக்கு வேண்டிய பொருள்கள் இவ்வளவுதான். ஒரு நாற்காலியில் அமர்பவர், எதிரே இருப்பவருக்கு உண்மையாகவே சொல்ல நினைக்கும் ஒரு வாக்கியத்தைத் தமிழில் தட்டச்சு செய்கிறார். கணினி அதை ஆங்கிலத்துக்கு மாற்றி, அந்த ஆங்கிலத்தை மீண்டும் தமிழுக்குக் கொண்டுவந்து, தடுப்பின் மறுபக்கத்தில் உள்ள பிரிண்டரில் ஒரு துண்டுச் சீட்டாக அடித்துக் கொடுக்கிறது. எதிரே இருப்பவருக்குக் கிடைப்பது அந்தச் சீட்டு மட்டுமே.

முன்னோட்டம் பார்த்த நாளில் ஓர் அம்மாவும் கல்லூரியில் படிக்கும் அவருடைய மகனும் வந்து அமர்ந்தார்கள். அம்மா, “நாம நாளைக்கு அம்மாச்சி வீட்டுக்குப் போறோம், நீ சீக்கிரம் எழுந்திரு” என்று தட்டினார். மகன் கைக்கு வந்த சீட்டில், “நாங்கள் நாளை பாட்டி வீட்டிற்குச் செல்கிறோம், நீங்கள் சீக்கிரம் எழுந்திருங்கள்” என்று இருந்தது. அவன் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்து, “நீங்க மட்டும் போறதுக்கு நான் எதுக்கும்மா சீக்கிரம் எழுந்திரிக்கணும்? இதுல மரியாதை வேற!” என்றான். “நான் அப்படிச் சொல்லலைடா” என்று அம்மா பதறினார்.

அந்தச் சீட்டில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். செய்தித்தாளில் அச்சிட்டாலும் உறுத்தாத வாக்கியம் அது. ஆயினும் மகன் பயணத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டான், தாய்வழிப் பாட்டி வெறும் பாட்டி ஆகிவிட்டார், பெற்ற தாய் மகனை ‘நீங்கள்’ என்று விலக்கி வைத்துவிட்டார். சரளமாக வரும் இந்தத் தவறைத் தொட்டுக் காட்டும் படைப்பை எப்படி அமைப்பது என்பதையே கீழே படிப்படியாக விளக்குகிறேன். நிரல் எழுதத் தெரிந்த ஒருவர் உடனிருந்தால் போதும். கலைக்கல்லூரிப் பயிற்சி தேவையில்லை.

முதல் படி: எந்த வகைத் தவறு என்று முடிவு செய்தல்

இத்தகைய படைப்பைத் தொடங்கும் பெரும்பாலானோர், சிரிப்பு வரவழைக்கும் மொழிபெயர்ப்புகளைத் திரட்டிச் சுவரில் ஒட்டுவதிலேயே நின்றுவிடுகிறார்கள். அந்த வழியை நான் பரிந்துரைக்கமாட்டேன். அதற்குக் காரணம் இந்தத் தொழில்நுட்பத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது.

1954 ஜனவரி 7 அன்று, ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐபிஎம் நிறுவனமும் சேர்ந்து நியூயார்க்கில் ஒரு செயல்விளக்கம் நடத்தின. ரஷ்ய மொழி வாக்கியங்கள் அறுபதுக்கு மேற்பட்டவற்றைக் கணினி ஆங்கிலத்துக்கு மாற்றியது. செய்தித்தாள்கள் வியந்து எழுதின. அந்தக் கணினிக்குத் தெரிந்திருந்தவை 250 சொற்களும் 6 இலக்கண விதிகளும்தான். அவற்றுக்குள் அடங்கும்படி வாக்கியங்களை முன்கூட்டியே பொறுக்கி வைத்திருந்ததால் விளக்கம் வெற்றி பெற்றது. எதிர்பார்ப்புக்கு ஏற்ற முன்னேற்றம் வராத நிலையில், 1966இல் அமெரிக்க அரசுக்கு அளிக்கப்பட்ட, இயந்திர மொழிபெயர்ப்பை ஆராய்ந்த அல்பாக் குழுவின் அறிக்கை இத்துறையின் நிதியைப் பெருமளவு வற்றச் செய்தது. வெற்றிகளை மட்டும் பொறுக்கிக் காட்டியது அன்றைய வித்தை என்றால், தோல்விகளை மட்டும் பொறுக்கிச் சுவரில் ஒட்டுவது அதே வித்தையைத் தலைகீழாகச் செய்வதாகும். பார்வையாளர் தம் சொந்த வாக்கியத்தைக் கொடுத்து, என்ன வருகிறது என்று தாமே பார்க்கும்போது இந்தக் குறை நீங்குகிறது. படைப்பு ஊடாடும் வகையில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இரண்டாவது காரணம், தவறின் முகமே மாறிவிட்டது. கூகுள் மொழிபெயர்ப்பில் 2011இல் தமிழ் சேர்க்கப்பட்டபோது, அது சொற்றொடர்களைப் புள்ளியியல் முறையில் ஒட்டிச் சேர்க்கும் இயந்திரமாக இருந்தது. எழுவாய் ஓரிடம், பயனிலை ஓரிடம் என்று வாக்கியம் உடைந்து வரும். பார்த்தவுடனே யாரும் நம்பமாட்டார்கள். 2009இல் வெளிவந்த ‘டிரான்ஸ்லேஷன் பார்ட்டி’ என்ற இணையத்தளம் ஆங்கில வாக்கியத்தை ஜப்பானிய மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே, அது மாறாமல் நிற்கும் வரை, மாற்றி மாற்றி அனுப்பி வேடிக்கை காட்டியது அந்தக் காலத்து உடைசலை நம்பித்தான். 2017இல் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு நரம்பியல் வலைப்பின்னல் முறை வந்த பிறகு வாக்கியங்கள் வழுவழுப்பாகிவிட்டன. தவறுகள் குறைந்தன என்பது உண்மை. எஞ்சியவை கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொண்டன என்பதும் உண்மை.

ஒளிந்த தவறு என்ன செய்யும் என்பதற்கு, 2017 அக்டோபரில் மேற்குக் கரையில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். பாலஸ்தீனத் தொழிலாளி ஒருவர் அரபு மொழியில் ‘காலை வணக்கம்’ என்று ஃபேஸ்புக்கில் எழுதியது, தானியங்கி மொழிபெயர்ப்பில் ‘அவர்களைத் தாக்கு’ என்று ஹீப்ரு மொழியில் வந்தது. இஸ்ரேலியக் காவல்துறை அவரைக் கைது செய்து, சில மணி நேரம் விசாரித்து, பிறகு விடுவித்தது. அரபு தெரிந்த அதிகாரி எவரும் மூலப் பதிவைப் படிக்காமலேயே கைது நடந்தது என்று செய்தி வெளியானது. ஹீப்ரு வாக்கியம் உளறலாக இருந்திருந்தால், மூலத்தைப் பார்க்கலாம் என்று ஒருவருக்காவது தோன்றியிருக்கும்.

ஆகவே, ‘இலக்கணம் சரி, பொருள் வேறு’ என்ற வகையை மட்டும் உங்கள் படைப்பின் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: எங்கே வழுக்குகிறது என்று கண்டுபிடித்தல்

கட்டுமானத்தில் கை வைப்பதற்கு முன், குறைந்தது 40 வாக்கியங்களை நீங்களே எழுதி இயந்திரத்தில் போட்டுப் பாருங்கள். வந்தவற்றை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: மாறாமல் திரும்பியவை, உடைந்து வந்தவை, அழகாக வந்தும் பொருள் மாறியவை. மூன்றாவது குவியல்தான் உங்கள் மூலப்பொருள். தமிழ் – ஆங்கிலம் – தமிழ் என்ற சுற்றில் அந்தக் குவியல் எங்கிருந்து நிரம்பும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

முதலிடம் நாம், நாங்கள் என்ற வேறுபாட்டுக்கு. கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது நாம், அவரை விட்டுவிடுவது நாங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘வீ’ ஒன்றுதான். திரும்பி வரும்போது இயந்திரம் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். என் சோதனைகளில் பெரும்பாலும் ‘நாங்கள்’ வந்தது. இதனால் “நாம் நாளைக்குப் போகிறோம்” என்ற அழைப்பு, “நாங்கள் நாளை செல்கிறோம்” என்ற வெறும் தகவலாகிவிடுகிறது. நீ, நீங்கள் ஆகியவற்றுக்கும் இதே கதிதான். அண்ணன், தம்பி இருவரும் ‘சகோதரர்’ ஆகித் திரும்புவார்கள். சித்தப்பா, பெரியப்பா, மாமா மூவரும் ‘அங்கிள்’ என்ற ஒரே வாசல் வழியாக வெளியே போவதால், திரும்பி வருபவர் யார் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இவை எல்லாம் இழப்புகள். சேர்ப்புகளையும் தேடுங்கள், அவையே அதிகம் கவனிக்கப்படாதவை. “அவர் மருத்துவர்” என்னும்போது ஆணா பெண்ணா என்று நாம் சொல்லவே இல்லை. ஆங்கிலத்துக்குப் போனதும் இயந்திரம் தானாக ஒரு பாலைச் சூட்டுகிறது. துருக்கிய மொழியின் பால் காட்டாத ‘ஓ’ என்ற சுட்டுப்பெயர் மருத்துவருடன் வந்தால் ஆணாகவும், செவிலியருடன் வந்தால் பெண்ணாகவும் மாறியதை வைத்து எழுந்த கண்டனங்களுக்குப் பிறகு, 2018 டிசம்பரில் கூகுள் சில மொழிகளுக்கு இரு பாலிலும் மொழிபெயர்ப்பைக் காட்டத் தொடங்கியது. “அவர் மருத்துவர்”, “அவர் செவிலியர்”, “அவர் சமைத்தார்”, “அவர் தீர்ப்பளித்தார்” என்ற நான்கு வாக்கியங்களை நீங்கள் தேர்ந்தெடுத்த இயந்திரத்தில் போட்டு, இடையில் வரும் ஆங்கிலத்தைக் குறித்து வையுங்கள்.

பெயர்ச்சொற்களும் நல்ல விளைச்சல் தரும். மலர், செல்வம், வெற்றி போன்ற பெயர்கள் பொருளாக மொழிபெயர்க்கப்பட்டால், ‘மலர் வந்தாள்’ என்று புறப்பட்டவள் ஓர் அஃறிணையாகத் திரும்பக்கூடும். ஒற்றும் அப்படித்தான். ‘கத்தி கொண்டு வந்தான்’ என்றால் கையில் ஆயுதம். ‘கத்திக்கொண்டு வந்தான்’ என்றால் வெறும் கூச்சல். ஒற்றை விட்டு எழுதும் பழக்கம் நம்மிடமே பரவலாக இருப்பதால், இங்கே குற்றத்தை முழுவதும் இயந்திரத்தின் தலையில் கட்ட முடியாது. காட்சியில் இந்த எடுத்துக்காட்டை வைப்பதானால் அந்த நேர்மையும் வேண்டும்.

வசதி இருந்தால் மூன்றாவது நாற்காலி ஒன்றைச் சேருங்கள். தெலுங்கு அல்லது மலையாளம் அறிந்தவருக்கு. தெலுங்கில் மேமு, மனமு என்றும், மலையாளத்தில் ஞங்ஙள், நம்மள் என்றும் இதே வேறுபாடு உயிரோடு இருக்கிறது. தமிழிலிருந்து நேராகப் போனால் ‘நாம்’ அழகாக ‘மனமு’ ஆகலாம். ஆனால் பல சேவைகள் ஆங்கிலத்தை இடைமொழியாக வைத்தே ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குப் போவதால், இரண்டு வீட்டிலும் இருக்கும் பொருள் நடுவழியில் தொலைந்துபோகிறது. ஒரே வாக்கியத்தை நேர்வழியிலும் ஆங்கில வழியிலும் அனுப்பி இரண்டு சீட்டாகக் கொடுப்பது, நான் பார்த்த வரையில், பார்வையாளரை அதிக நேரம் நிறுத்தி வைக்கும் பகுதி.

மூன்றாம் படி: மாதிரியைத் தேர்ந்தெடுத்தல்

இணையவழிச் சேவையைப் பயன்படுத்துவது எளிதாகத் தோன்றும், தவிர்த்துவிடுங்கள். பார்வையாளரின் சொந்த வாக்கியம் அறையை விட்டு ஒரு நிறுவனத்தின் சர்வருக்குப் போகும். தவிர, சேவைக்குப் பின்னால் இருந்து மொழிபெயர்க்கும் கணினி மாதிரி (மாடல்) முன்னறிவிப்பின்றி மாறும். நேற்று ஒத்திகையில் வந்தது இன்று திறப்பு விழாவில் வராது. அரங்கின் வைஃபை கைவிடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கணினியிலேயே ஓடும் திறமூல மாதிரிகள் இரண்டைக் கருதலாம். மெட்டா நிறுவனம் 2022இல் வெளியிட்ட என்எல்எல்பி-200 என்பது 200 மொழிகளைக் கையாளுகிறது; அதன் 60 கோடி அளவுருக்கள் (மாதிரி கற்று வைத்திருக்கும் எண்கள்) கொண்ட சிறிய வடிவம் சாதாரண மடிக்கணினியிலும் ஓடும். அதன் உரிமம் வணிகப் பயன்பாட்டைத் தடை செய்கிறது என்பதால், நுழைவுக்கட்டணம் வாங்கும் காட்சியில் இதை வைப்பதற்கு முன் யோசியுங்கள். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2023இல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2, இந்திய அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கானது. வணிகப் பயன்பாட்டையும் அனுமதிக்கும் எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது. இந்திய மொழிகளுக்கிடையே நேராக மொழிபெயர்க்கும் வடிவமும் அதில் இருப்பதால், மூன்றாவது நாற்காலிக்கு அதுவே பொருத்தம்.

எதைத் தேர்ந்தாலும், அடுத்த சொல்லைக் குலுக்கல் போல எடுக்கும் தற்செயல் தேர்வை அணைத்துவிடுங்கள். அணைத்தால், நீங்கள் தேர்ந்த மாதிரி ஒரே வாக்கியத்துக்கு எப்போதும் ஒரே விடையைத் தரும். அதிக விநோதம் வர வேண்டும் என்று அதை முடுக்கிவிடுவது பார்வையாளரை ஏமாற்றுவதாகும்.

நான்காம் படி: நிரல்

நிரலின் வேலை சிறியது: வாக்கியத்தை வாங்குவது, ஆங்கிலமாக்குவது, தமிழாக்குவது, படமாக வரைவது, அச்சிடுவது. இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். என்எல்எல்பியில் இலக்கு மொழியின் குறியீட்டை விடையின் முதல் அலகாகக் கட்டாயப்படுத்த மறந்தால், விடை வேறு ஏதோ மொழியில் வந்து நிற்கும்.

இரண்டாவது எச்சரிக்கை, வாக்கியத்தைப் பலமுறை சுற்றவிட விரும்புவோருக்கு. அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் 1969இல் தம் பேச்சைப் பதிவு செய்து, அதை அறையில் ஒலிக்கவிட்டு மீண்டும் பதிவு செய்து, சொற்கள் கரைந்து அறையின் ஒலி மட்டும் மிஞ்சும் வரை தொடர்ந்ததை இவ்வகைச் சுற்றுகளுக்கு முன்னோடியாகக் கொள்ளலாம். மொழிபெயர்ப்புச் சுற்றிலும் சில முறைக்குப் பின் வாக்கியம் மாறாமல் நின்றுவிடும், அல்லது இரண்டு வாக்கியங்களுக்கிடையே ஊஞ்சலாடும். இதைக் கண்டறிய முந்தைய விடைகளோடு ஒப்பிடும்போது யூனிகோட் சீராக்கம் செய்யத் தவறாதீர்கள். ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டையும் கணினி வேறு வேறாகக் கருதும். அதிகபட்சம் 12 சுற்று என்று ஒரு வரம்பும் வையுங்கள். இரு நாற்காலிப் படைப்புக்கு ஒரு சுற்றே போதும் என்பது என் கருத்து. பலமுறை சுற்றினால் சிதைவு வேடிக்கையாகி, நாம் முதல் படியில் விலக்கி வைத்த இடத்துக்கே திரும்பிவிடுவோம்.

ஐந்தாம் படி: பேச்சா, தட்டச்சா?

மைக்கில் பேசவைப்பது கவர்ச்சியானது. ஆனால் கூட்டம் இரையும் அரங்கில் பேச்சுணர்தல் தவறாகக் கேட்பதும், பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் போன்ற மாதிரிகள் யாரும் பேசாதபோதே ஏதாவது ஒரு வாக்கியத்தைக் கற்பனை செய்வதும் உண்டு. அப்போது தவறு காதில் நேர்ந்ததா, மொழிபெயர்ப்பில் நேர்ந்ததா என்று பார்வையாளருக்குத் தெரியாமல் போகும். தட்டச்சையே வையுங்கள். தமிழ்99 விசைப்பலகை முறை தெரிந்தவர் குறைவு. கைப்பேசியில் இருப்பது போன்ற தொடுதிரை விசைப்பலகையே பலருக்கும் பழக்கம். தட்டச்சு கைவராத பெரியவர்களுக்கு உதவியாளர் ஒருவர் அருகில் அமர்ந்து, சொன்னதைச் சொன்னபடி தட்டித் தரட்டும். “போறோம்” என்றால் “போறோம்” என்றே தட்ட வேண்டும். “போகிறோம்” என்று திருத்திவிட்டால் அங்கேயே ஒரு மொழிபெயர்ப்பு நடந்துவிட்டது.

ஆறாம் படி: சீட்டு அடித்தல்

திரையில் காட்டாமல் ஏன் தாள்? திரையில் தெரிவதை இருவரும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவார்கள். கைக்கு வரும் சீட்டோ தனக்கு வந்த கடிதம் போல; படிப்பவர் முதலில் நம்புகிறார். அந்த நம்பிக்கைதான் இங்கே தேவைப்படுவது.

58 மில்லிமீட்டர் அகலத் தாள் போடும் பிரிண்டர் மலிவு. இவற்றில் அச்சாகும் அகலம் 48 மில்லிமீட்டர். மில்லிமீட்டருக்கு 8 புள்ளி வீதம் 384 புள்ளிகள். இத்தகைய பிரிண்டர்களின் உள்ளே தமிழ் எழுத்துருவை எதிர்பார்க்க முடியாது என்பதால், உரையாக அனுப்பினால் கேள்விக்குறிகளோ புரியாத குறிகளோ அச்சாகும். வாக்கியத்தை 384 புள்ளி அகலமுள்ள கறுப்பு வெள்ளைப் படமாக வரைந்து அனுப்புவதே வழி.

படம் வரையும்போதும் ஒரு குழி உண்டு. பைத்தான் நிரல்மொழியில் படம் வரைய உதவும் பில்லோ நூலகத்தில் எழுத்துக்கோவையைச் சரிசெய்யும் ராக்கம் என்ற துணைநூலகம் இல்லையென்றால், ‘கெ’ என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். என் முதல் சீட்டுகள் அனைத்தும் அப்படித்தான் வந்தன, படித்தவர் ஒருவர், “இதுவும் படைப்பின் பகுதியா?” என்று மிகுந்த மரியாதையுடன் கேட்டார். ராக்கத்தை நிறுவ முடியவில்லையென்றால், வாக்கியத்தை உலாவியில் ஒரு பக்கமாகக் காட்டி அதைப் படம் பிடித்து அனுப்புங்கள். உலாவிகள் தமிழை ஒழுங்காகக் கோக்கும்.

சீட்டின் மேற்பகுதியில் திரும்பி வந்த தமிழ் வாக்கியம் பெரிதாக இருக்கட்டும். அதன் கீழே நான்கு விரல் அளவு வெற்றிடம் விட்டு, இடையில் வந்த ஆங்கிலத்தையும், அதற்கும் கீழே மூல வாக்கியத்தையும் சிறிய எழுத்தில் அடியுங்கள். கீழ்ப்பகுதியை உள்ளே மடித்துக் கொடுப்பது உதவியாளரின் பொறுப்பு. பெறுபவர் முதலில் மேலே உள்ளதைப் படித்து, அதற்கு வாய்விட்டு ஒரு பதில் சொன்ன பிறகே மடிப்பைப் பிரிக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் படைப்பு விழுந்துவிடும்.

ஏழாம் படி: இடமும் உதவியாளரும்

தடுப்பு, அமர்ந்தால் முகம் மறைந்து எழுந்தால் தெரியும் உயரத்தில் இருக்க வேண்டும். வாக்கியத்தைத் தட்டுபவருக்குத் தயங்காமல் தொடங்க ஒரு தூண்டுகோல் தேவைப்படும். “எதிரே இருப்பவரை எங்காவது அழையுங்கள்”, “வீட்டில் ஒருவரைப் பற்றி அவரிடம் சொல்லுங்கள்” என்ற இரண்டு அட்டைகள் போதும். முதல் அட்டை ‘நாம்’ என்பதையும், இரண்டாவது உறவுச்சொற்களையும் இயல்பாக இழுத்து வரும். என்ன நடக்கப்போகிறது என்று எங்கும் எழுதி வைக்காதீர்கள்.

வாக்கியம் மாறாமல் திரும்பும் தருணங்களும் நிறைய வரும். உதவியாளர் அப்போது சங்கடப்படவோ, “வேறு ஒன்று போட்டுப் பாருங்கள்” என்று தூண்டவோ கூடாது. சரியாக வந்த சீட்டையும் அதே மரியாதையோடு மடித்துக் கொடுக்கட்டும்.

கடைசிப் படி: சேமிக்காமல் முடித்தல்

நாற்காலியில் அமர்ந்ததும் மக்கள் எதிர்பாராத அளவுக்கு அந்தரங்கமான வாக்கியங்களைத் தட்டுவார்கள். நிரல் எந்த வாக்கியத்தையும் கோப்பில் எழுதாமல், அச்சிட்ட உடனே நினைவிலிருந்து நீக்கும்படி வையுங்கள். அதை அறிவிப்புப் பலகையிலும் ஒரு வரியில் தெரிவியுங்கள். விசைப்பலகைச் செயலிகள் தட்டிய சொற்களைக் கற்றுக்கொண்டு அடுத்தவருக்குப் பரிந்துரைக்கும் பழக்கமுள்ளவை என்பதால், அந்த வசதியையும் அணைக்க வேண்டும். பார்வையாளர் ஒருவர் தம் சீட்டைக் காட்சிக்காக விட்டுச்செல்ல விரும்பினால், பெயர்களை அவரே கறுப்பு மையால் அடித்துவிட்டுச் சுவரில் குத்தட்டும். தெர்மல் தாள் வெயில் பட்டால் வெளுத்துவிடும், அதிக வெப்பம் பட்டால் கறுத்துவிடும்; காட்சி பல வாரங்கள் நீடிப்பதானால் அந்தச் சுவர் ஜன்னலுக்கு எதிரே இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், மாற்றுத் தாள் சுருள்களையும் மேசைக்கு அடியிலேயே வையுங்கள், ஏனென்றால் கூட்டம் சேரும் மாலை நேரத்தில்தான் அவை தீரும்.